ஒரு விரற்கடை மேலே

மோட்டார் சைக்கிளுக்கு விளக்கு வாங்கப் போகிறவர்கள் பொதுவாக ஒரு தப்பு செய்கிறார்கள், ஐயா. வெளிச்சம் எவ்வளவு என்று கேட்பார்கள். அது எங்கே போய் விழும் என்று கேட்க மாட்டார்கள். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்துவிட்டு வாளியை அடுத்த வீட்டில் வைப்பது மாதிரி. உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஜீப்பையும் வரும்போதே பார்த்தேன். இடது விளக்கு மரத்தைப் பார்க்கிறது, வலது விளக்கு தரையைப் பார்க்கிறது. பாவம், மாறுகண். இந்த எழுத்து வேலையெல்லாம் முடிந்ததும் ஒரு ஸ்பேனர் கொடுத்தால் நானே சரிசெய்து தருகிறேன்.

சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரமில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் குஷியாகக்கூட இருக்கிறது. விளக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு உள்ளங்காலில் குறுகுறுவென்று ஏறும். வீட்டில் யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை.

கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன் நான். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா" என்று மாற்றி மாற்றிக் கேட்கிற வேலை. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், அடுத்த நாள் தெருவில் என்னைத் தாண்டிப் போவார்கள். குறையாகச் சொல்லவில்லை. என் முகம் அப்படி, மனதில் ஒட்டாது. ஒருமுறை மாமியார் எங்கள் வீட்டுக் கூடத்தில் எனக்கு எதிரேயே உட்கார்ந்துகொண்டு மகளிடம் கேட்டார்.

"மாப்பிள்ளை இன்னும் வரலையாடி?"

"வந்துட்டேன் அத்தை," என்றேன்.

"அட, இங்கதான் இருக்கீங்களா."

அவர் கையில் இருந்த டீயைப் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

கடையிலிருந்து என் வீட்டுக்குக் கால்வாய் ஓரமாக ஒரு சாலை போகிறது. உங்களுக்கும் தெரியும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மூடிப்போன பஞ்சாலையின் சுவர். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கியாக வேண்டும். தெருவிளக்கு கிடையாது. நான் கடையைப் பூட்டிக் கிளம்பும்போது பொழுது சாய்ந்து இருட்டியிருக்கும். வேலைக்குப் போன பாதி ஊர் அந்த நேரத்தில் அந்த வழியாகத்தான் வீடு திரும்பும். என் வண்டியோடு வந்த விளக்கு சளி பிடித்த மின்மினி மாதிரி இருக்கும். ஒரு வேன்காரன் ஒருநாள் என்னைச் சுவரோடு சுவராகத் தேய்த்துவிட்டு, இறங்கி வந்து என்னையே திட்டினான். "லைட்டைப் போட்டுக்கிட்டு வந்தா குறைஞ்சா போயிடுவே?" விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் அவன் அப்படிக் கேட்டான்.

ஆகையால் முதல் விளக்கை முழுக்க நியாயமான காரணத்துக்காகத்தான் வாங்கினேன். அதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

வண்டி விளக்கு மாட்டுகிறவருக்கு மின்னல் என்று பெயர். அவர் வேலை செய்கிற வேகத்தைப் பார்த்து யாரோ குசும்பாக வைத்தது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு உலக நடப்பை ஒரு சுற்றுப் பேசிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். ஆனால் அந்தக் கடை இருக்கிறதே, சுவர் முழுக்க விளக்கு. ஒவ்வொன்றாக எடுத்து பேட்டரியில் தொட்டுக் காட்டுவார். பளிச். பளிச். எனக்கு வாயெல்லாம் பல்.

"மழை, பனின்னா மஞ்சள் சார். தரையை ஒட்டிப் பரவும். தூரத்துல பாக்கணும்னா வெள்ளை. ஈட்டி மாதிரி போவும்."

"ரெண்டும் வேணும்."

"ரெண்டும் எதுக்கு சார்? கால்வாய் ரோட்டுலதானே போறீங்க, இமயமலையா ஏறப் போறீங்க?"

நான் உடனே வாங்கிவிடவில்லை. வாங்குவதில் என்ன சுகம் இருக்கிறது, தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாச் சுகமும். செல்போனில் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அகலமாக விழுகிற வெளிச்சமா நீளமாக ஓடுகிற வெளிச்சமா என்று சாப்பிடும்போதும் யோசனை. வெளிச்சத்தை லூமன் என்ற கணக்கில் அளப்பார்கள். ஒருநாள் காலையில் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "தூக்கத்துல லூமன் லூமன்னு கொஞ்சறீங்களே, யாருங்க அவ?" சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

கடைசியில் முன்விளக்கை எல்இடியாக மாற்றி, அதற்குக் கீழே கம்பியில் ஒரு ஜோடி துணைவிளக்கும் பொருத்திக்கொண்டேன். துணைவிளக்குக்குத் தனியாக ஒரு சுவிட்ச், இடது கட்டைவிரலுக்குப் பக்கத்தில். மின்னல் வண்டியைக் கடைக்குப் பின்னால் இருந்த சுவருக்கு எதிரே நிறுத்தி, சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வெளிச்சம் அந்தக் கோட்டைத் தாண்டாதபடி விளக்கைக் குனிய வைத்தார்.

"எதிர்ல ஆள் வந்தா இந்த சுவிட்சைத் தட்டி அணைச்சிடணும் சார். இல்லைன்னா அவங்களுக்குக் கண்ணு அவிஞ்சிரும்."

"கண்ணைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து நட்டைத் தளர்த்தி விளக்கை ஒரு விரற்கடை மேலே தூக்கி வைத்தேன். ஏன் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். சும்மா, எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான்.

எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வேன் ஐயா. அடுத்த நாள் சாயங்காலம் நான் கால்வாய்ச் சாலையில் திரும்பியதும் ஊரே என்னைப் பார்த்தது. சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். கார்கள் ஓரம் கட்டின. நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எல்லாரும் நான் வருகிற திசையையே பார்த்தார்கள், ஏதோ பெரிய மனுஷன் ஊர்வலம் வருவது போல. அந்த வேன்காரன், அதே ஆள், சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழி விட்டான். சிவப்புக் கோடு போட்ட என் ஹெல்மெட்டுக்குள் நான் பாட்டுப் பாடினேன். வீட்டு வாசல் வரை போய்விட்டு, ஒரு வேலையும் இல்லாமல் திரும்பவும் ஒரு நடை போய் வந்தேன்.

பாட்டு டீச்சர் விழுந்தது அந்த வாரத்தில்தான். பெண்கள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர். ஓய்வு பெறுகிற வயது. ஒரு பழைய ஸ்கூட்டரில் போவார். என் வெளிச்சம் அவர் மேல் விழுந்ததும் ஸ்கூட்டர் குடிகாரனைப் போல ஒரு கோலம் போட்டது, பிறகு சுவர் ஓரத்துப் புதரில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் தாண்டிப் போய்விட்டேன். வளைவில் நிறுத்தினேன். எனக்கும் மனசு இருக்கிறதே. துணைவிளக்கை அணைத்துவிட்டு, முன்விளக்கையும் சின்னதாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

காய்கறிப் பை சிதறிக் கிடந்தது. தக்காளிகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"எவனோ ஒரு படுபாவி, தம்பி. சூரியனைக் கயித்துல கட்டி இழுத்துட்டு வர்றான். மூஞ்சியைக்கூடப் பாக்க முடியல."

"பார்த்துதான் போகணும் டீச்சர். இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியாது," என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா சொல்லுங்கள்.

அவரை என் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தையல் போட்டு முடிக்கும் வரை என் மணிக்கட்டை விடவே இல்லை. "மகனாம்மா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "மகனுக்கு மேல," என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் அவர் கணவரும் மகளும் ஒரு கூடைப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். என் மாமியார் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "மாப்பிள்ளை, ஃபேனுக்குக் கீழ உட்காருங்க." என் மனைவி கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படி முழுசாகப் பார்த்து நான் கண்டதில்லை. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை ஐயா, மிதந்தேன்.

அப்புறம் அச்சகக்காரர் விழுந்தார், அவருக்குக் கால் எலும்பு. பிறகு தையல்கடை அக்கா. பிறகு இன்னும் சில பேர். எல்லாரையும் நான்தான் தூக்கினேன். ஒருவரையும் ரோட்டில் விட்டுவிட்டுப் போனதில்லை. வண்டிக்குப் பின்னால் ஒரு பெட்டி மாட்டி அதில் பஞ்சு, கட்டுத்துணி, டார்ச் எல்லாம் வாங்கி வைத்தேன். தண்ணீர்ப் பக்கம் யாராவது விழுந்தால் என்ன செய்வது என்று நல்ல நைலான் கயிறும் ஒரு கட்டு. அடிபடப் போகிறவர்களுக்கு என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே யோசித்து வைக்கிற ஆள் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவர்களில் பலர் கடைக்கே வந்தார்கள். "எதிர்ல வண்டி வந்தா ஒண்ணுமே தெரியல சார். வயசாயிடுச்சு போல." இருட்டறையில் உட்கார வைத்துப் பார்ப்பேன். கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று வெளிச்சம் அடித்தால் பாவை சுருங்கிவிடும், கொஞ்ச நேரத்துக்குப் பச்சையும் வெள்ளையுமாக ஒரு திட்டுத்தான் தெரியும், வயதானவர்களுக்கு அது கலைய இன்னும் நேரம் எடுக்கும் என்று பொறுமையாக விளக்கிச் சொல்வேன். பிறகு கண்கூச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுப்பேன். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் பெரிய போர்டே வைத்துவிட்டார்: "இரவில் கண் கூசுகிறதா? உள்ளே வாருங்கள்." வாசகம் என்னுடையது.

டீச்சருக்கு மட்டும் கடையிலேயே உயர்ந்த பூச்சு உள்ள கண்ணாடியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "கழுவி வச்ச மாதிரி இருக்கு தம்பி உலகம்," என்றார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. கண்ணாடிகள் நன்றாக வேலை செய்தன. கண்ணாடி போட்டவர்கள் கொஞ்சம் முகத்தைச் சுளித்துவிட்டு நேராகப் போக ஆரம்பித்தார்கள். என் வேலை அவ்வளவு சுத்தம். ஆகவே விளக்கை மாற்ற வேண்டியதாயிற்று. மறுபடி மின்னல் கடை, மறுபடி பளிச் பளிச், மறுபடி எனக்குள் குறுகுறுப்பு. இந்தத் தடவை இன்னொரு ஜோடியும் சேர்த்து மாட்டினேன். விட்டால் ஆகாய விமானம் இறங்கிவிடும்.

ஆயில் மாற்ற வண்டியைக் கொடுத்திருந்தபோது மின்னல் வந்து விளக்கைத் தொட்டுப் பார்த்தார். "சார், இது ரோட்டைப் பாக்கல. வானத்துல நட்சத்திரம் எண்ணுது." திரும்பவும் சாக்பீஸ் கோடு, திரும்பவும் குனிய வைத்தார். நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து திரும்பவும் தூக்கி வைத்தேன். அவருக்கு அவர் தொழில், எனக்கு என் தேவை.

குடியிருப்போர் சங்கத்தில் எனக்கு ஒரு கோப்பை கொடுத்தார்களே, அந்தக் கூட்டத்துக்கு நீங்கள்கூட வந்திருந்தீர்கள். மூன்றாவது வரிசை. என்னோடு கை குலுக்கினீர்கள். டீச்சர் மேடையேறி என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, ஒரு பாட்டும் பாடினார். குரல் கொஞ்சம் நடுங்கியது. எனக்கும் கண் கலங்கியது. அதே கூட்டத்தில் செயலாளர், கால்வாய்ச் சாலையில் தெருவிளக்குப் போட மனு கொடுக்கலாம் என்றார். அனுபவப்பட்டவன் என்பதால் என் கருத்தைக் கேட்டார்கள். வெளிச்சம் இருந்தால் பிள்ளைகள் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டுவார்கள், ஆலைச் சுவரில் கூடு கட்டுகிற பறவைகளும் போய்விடும் என்று சொன்னேன். டீச்சர்தான் முதலில் தலையாட்டினார். "தம்பி சொல்றது சரிதான், குருவிங்க பாவம்." மனு வேண்டாம் என்று முடிவாயிற்று. நான் அப்படிப் பேச்சில் கெட்டிக்காரன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

இனி போன வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

கயிறு வீசினேன், டீச்சரால் பிடிக்க முடியவில்லை என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அது பொய். கயிற்றுக்குக் கடைக்காரன் போட்ட முடிச்சே அவிழ்க்கப்படவில்லை, கயிறும் காய்ந்திருந்தது என்று நீங்கள் பெட்டியைத் திறந்ததும் கண்டுபிடித்துவிட்டீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன். உங்கள் கண்ணுக்குக் கண்ணாடியே தேவையில்லை.

மழை விட்டிருந்தது. கால்வாயில் கரை தொட்டுத் தண்ணீர். சாலையில் யாரும் இல்லை, எதிரே ஒரு ஸ்கூட்டர் மட்டும். யார் என்று எனக்குத் தெரியாது, அதை நீங்கள் நம்ப வேண்டும். கட்டைவிரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. அணைக்கவில்லை. ஸ்கூட்டர் ஆடியது, ஓரத்துக் கல்லில் மோதியது, ஆளோடு தண்ணீருக்குள் போயிற்று. வழக்கம்போலத் தாண்டிப் போய், வளைவில் திரும்பி, சின்ன வெளிச்சத்தோடு வந்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையோரம் நடந்தேன்.

கரைச்சுவரில் படகு கட்டுகிற இரும்பு வளையம் இருக்கிறதே, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு கை ஒடிந்து போய்ச் சும்மா மிதந்தது. இறங்குகிற படிக்கட்டு அவருக்கு எட்டிப்பிடிக்கிற தூரம்தான். மூக்கில் கண்ணாடி அப்படியே இருந்தது.

"தம்பி, நீங்களா?"

"நான்தான் டீச்சர். பயப்படாதீங்க. கயிறு இருக்கு."

சொல்லிவிட்டு நிஜமாகவே கயிறெடுக்கத் திரும்பினேன். பின்னாலிருந்து அவர் சொன்னார்:

"இப்ப எதிர்ல வந்ததும் நீங்கதான். இந்தக் கண்ணாடியில நல்லா தெரிஞ்சுது. ஹெல்மெட்டுல அந்தச் சிவப்புக் கோடு."

நான் நின்றேன்.

"அன்னைக்கு, நான் புதர்ல விழுந்தேனே. அன்னைக்கும் நீங்கதானா?"

குரலில் கோபமே இல்லை ஐயா. வகுப்பில் ஒரு பிள்ளை சுருதி தப்பினால் யாரம்மா அது என்று கேட்பார்கள் இல்லையா, அப்படிக் கேட்டார்.

என் மனைவி கதவோரம் நின்று பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. வேறு ஒன்றும் பெரிதாக யோசித்த ஞாபகம் இல்லை.

"கொஞ்சம் அப்படியே இருங்க டீச்சர். படி பக்கத்துலதான் இருக்கு. வெளிச்சம் காட்டறேன்," என்றேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கால்வாயைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினேன். முன்சக்கரத்தைக் கரை விளிம்புக்குக் கொண்டுவந்து, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். முன்விளக்கு, மஞ்சள் ஜோடி, வெள்ளை ஜோடி, எல்லாவற்றையும் போட்டேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது. அவ்வளவு அழகு. டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், கண்களை இறுக்கிக்கொண்டார், கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். கண் கூசினால் யாரும் செய்வதுதான்; யோசித்துச் செய்வதில்லை, கை தானாக எழும். அவருக்குத் தூக்குவதற்கு இருந்தது அந்த ஒரு கைதான்.

கொஞ்ச நேரம் கழித்து நான் இறங்கி அவரைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் தேற்றினார்கள். அழுதது நடிப்பில்லை. அவரைப் போல என்னிடம் பிரியமாக இருந்தவர்கள் கம்மி.

கை எழும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தினமும் இருட்டறையில் என் எதிரே எழுகிற கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது, ஐயா. மின்னல் கடையில் அதைவிடப் பெரிய ஜோடி ஒன்று இருந்தது, நான்தான் கொஞ்சம் யோசித்து விட்டுவிட்டேன். அதை வாங்கியிருந்தால் டீச்சருக்குப் படி தெரிந்திருக்கும்.